அக்காவின் நகத்தில் நின்ற துளி

கால் நகம் வெட்டக் குனிகிறபோது உங்களுக்கும் மூச்சு முட்டுகிறதா? எனக்கு முட்டுகிறது. வயிறு குறுக்கே நிற்கிறது. பெருவிரல் நகமோ மஞ்சளித்துத் தடித்து, நகவெட்டியின் வாய்க்குள் அகப்படாமல் சண்டித்தனம் பண்ணுகிறது. நம் வயதுக்காரர் முக்கால்வாசிப் பேருக்கு இது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. முழங்கால் வலியைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்போம், சீனி வருத்தத்தைப் பற்றிப் போட்டி போட்டுக் கதைப்போம், நகத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டோம். கோயிலில் செருப்பைக் கழற்றும்போது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வோம்.

நான் இப்போது கல்லடியில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு இளம் டொக்டரிடம் போனேன். அவர் என்ன வருத்தம் என்று கேட்க முதல் என் கையைப் பிடித்து, நகத்தை அழுத்தி, விட்டு, அது சிவந்து வருகிற நேரத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி பாக்கிறீங்க?" என்றேன்.

"ரத்தம் எப்பிடி ஓடுதெண்டு பாக்கிறன் அம்மா. நகம் கனக்கச் சொல்லும்."

"அது எனக்கு ஒன்பது வயசிலயே தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். நம்பவில்லை. கதையைச் சொல்லத் தொடங்குவதற்குள் கதவடியில் நின்றவர்கள் கனைக்கத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் கனைக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்தார். திங்கட்கிழமை காலையில் எல்லாரும் கையை நீட்ட வேண்டும். நகத்துக்குள் ஊத்தை இருந்தால் அடிமட்டத்தால் ஒரு தட்டு. தட்டு வாங்கி வாங்கி எனக்கு நகத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது. யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்க முதல் கையைப் பார்ப்பேன், பிறகு காலை.

எவ்வளவு இருந்தது பார்க்க! எங்கள் ஐயா மாரி முழுக்க வட்டை வயல் சேற்றுக்குள் நிற்கிறவர். வயலிலிருந்து வந்து காலைக் கழுவினால் விரல் இடுக்கெல்லாம் வெளுத்துச் சேற்றுப்புண், சின்னவிரல் நகம் சொத்தை பிடித்து, தட்டினால் மாவாகக் கொட்டும். கடைக்காரர் கட்டைவிரலைக் கதவில் நசித்து நகம் கறுத்து, பிறகு அந்தக் கறுப்பு நகம் முழுதாகக் கழன்று, அடியில் புது நகம் மெல்லிசாக வந்தது. கழன்றதைத் தாருங்கள் என்று கேட்டேன், துரத்திவிட்டார். அப்போது அம்மாவுக்குக் கைக்குழந்தை. பகல் முழுக்கத் துணி தோய்த்து அம்மாவுக்கு நகச்சுத்து வந்தது. தேசிக்காயில் துளை போட்டு விரலில் தொப்பியாகக் குத்திக்கொண்டு, அந்தக் கையோடேயே தம்பிக்குப் பால் கொடுப்பார். தேசிக்காய் மணமும் பால் மணமும் கலந்த அந்த வாசம் இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு ஆட்காட்டி விரல் விண்விண் என்கிறது.

ஆனால் நாங்கள் ஆசைப்பட்டது கொக்குப் பூவுக்கு. உங்களுக்கு நினைவிருக்கும். உழவு தொடங்கினால் வட்டையில் கொக்கு வந்து இறங்கும். அது கூட்டமாகப் பறக்கும்போது பத்து விரலையும் விரித்து மேலே காட்டி, "கொக்கே, எனக்கொரு பூப் போடு!" என்று கத்துவோம். நகத்தில் சின்னதாக வெள்ளைப் புள்ளி விழுந்தால் அது கொக்கு போட்ட பூ. என் வகுப்புச் சிநேகிதிக்கு ஐந்து பூ. எனக்கு ஒன்றும் இல்லை. தொண்டை கட்டக் கத்தியும் இல்லை. நகத்தின் வேரடியில் எங்கேயாவது இடிபட்டால் விழுகிற தழும்புதான் அது என்று பிற்காலத்தில் படித்தேன். அப்படிப் பார்த்தால் சிநேகிதி நன்றாக இடிபட்டவள், வேறொன்றும் இல்லை.

எங்கள் வளவிலேயே பெரியம்மாவின் வீடு. பெரியம்மாவின் மகள்தான் நான் சொல்லவந்த அக்கா. பத்தொன்பது வயது. அவளுக்கும் பூ இல்லை. அவளுக்கு அப்போது களுதாவளைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணப் பெண்ணுக்குப் பூ இல்லாவிட்டால் எப்படி? ஒரு நாள் கொக்குக் கூட்டம் போகும்போது என் ஆசையை விட்டுக்கொடுத்து, "எனக்கு வேணாம், அக்காக்குப் போடு! பத்து விரலுக்கும் போடு!" என்று கத்தினேன்.

கொஞ்ச நாளில் அக்காவின் கையைப் பார்த்தேன். புள்ளி இல்லை, நகம் முழுக்கவே வெளுத்திருந்தது. பத்தும்! கொக்கு என் சொல்லைக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றடியில் அவள் சட்டி பானை கழுவும்போது இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அவளுடைய நகம் நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலே எழும்பியிருந்தது. நடுவிரலில் ஒரு துளித் தண்ணீர் நின்றது. கையை மெல்ல ஆட்டினாலும் விழவில்லை. என் நகத்தில் விட்டுப் பார்த்தேன், வழிந்து ஓடியது. அம்மாவின் நகத்திலும் ஓடியது. அக்காவின் நகத்தில் மட்டும் நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அக்காவைக் கையை நீட்டச் சொல்லி வித்தை காட்டினேன். அக்காவும் பாவம், சிரித்துக்கொண்டு நீட்டுவாள்.

பெரியம்மாவுக்கு அக்கா மேல் ஓயாத கோபம். "நாலு வாளி தண்ணி அள்ளினா இவளுக்கு மூச்சு வாங்குது. பகல்ல படுத்துக் கிடக்கிறாள். போற இடத்தில என்னைத்தான் பேசுவாங்க" என்பார். இன்னொரு பெரிய குற்றமும் இருந்தது. அக்கா அரிசிப் பானைக்குள் கையை விட்டு அரிசியைப் பச்சையாகத் தின்பாள். யாரும் இல்லாவிட்டால் சுவர் மண்ணையும் பெயர்த்து வாயில் போடுவாள். நானே கண்டிருக்கிறேன். மழை பட்ட சுவர் என்றால் அவளுக்குக் கண் மின்னும்.

"பச்சரிசி தின்னாதடி, கலியாணத்தண்டைக்கு மழை கொட்டும்" என்று பெரியம்மா அவளுடைய கையில் அடிப்பார். அடித்த இடம் சிவக்காது. அதை நான் கவனித்தேன், பெரியம்மா கவனிக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் முதல் தடவை பெண் பார்க்க வாவியைத் தோணியில் கடந்து வந்தார். வெற்றிலைத் தோட்டக்காரி, உயரம், வாய் நிறைய வெற்றிலை. அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்ல வெள்ளை" என்றார். பெரியம்மாவுக்கு வாயெல்லாம் பல். அவர் போன பிறகு, "என்ட பிள்ளை சின்னன்ல கறுப்பு. இப்ப வயசுக்கு வந்து நிறம் திறந்திட்டு" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். வெளுப்பையும் நிறத்தையும் ஒன்றாக நினைத்த சந்தோசம் அது.

தம்பியைப் பார்க்க, ஊரில் பிரசவம் பார்க்கிற மிட்வைப் அம்மா வந்த நாளில்தான் எல்லாம் குழம்பியது. கறுப்புக் குடையும் தோல் பையுமாக வருவார். தம்பியை நிறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவின் விரல் தேசிக்காயைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். நகத்தைப் பற்றிக் கதைக்கிற ஒருவர் கிடைத்தால் நான் விடுவேனா? ஓடிப்போய் அக்காவை இழுத்துவந்து, செம்புத் தண்ணீரில் ஒரு துளி எடுத்து அவள் நகத்தில் விட்டு, "பாருங்க, நிக்குது!" என்றேன்.

மிட்வைப் அம்மா சிரிக்கவில்லை. துளியைப் பார்த்தார். அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"அரிசி தின்னுறியா மனே?"

அக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"மண்ணும் தின்னச் சொல்லுதா? படி ஏறினா நெஞ்சு அடிக்குதா?"

அக்கா நின்ற நிலையிலேயே அழத் தொடங்கினாள். நான் அவளை அப்படி அழக் கண்டதில்லை. "நான் சோம்பேறி இல்ல அம்மா. எனக்கு ஏலாம இருக்கு" என்றாள். அவள் கள்ளியும் இல்லை, சோம்பேறியும் இல்லை என்று முதல் தடவையாக ஒருவர் அறிந்திருக்கிறார். அந்த அழுகை அதற்காக என்று எனக்கு விளங்க நாற்பது வருடம் எடுத்தது.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார். மிட்வைப் அம்மா அவரிடம் சொன்னார்: "பிள்ளைட உடம்பில ரத்தம் இல்ல. வெறுங்காலோட காடு கரைக்குப் போறதால கொக்கிப் புழு கால் வழியா ஏறிக் குடல்ல இருந்து ரத்தத்தைக் குடிக்குது."

அவர் சொன்னது கொக்கிப் புழு. என் காதில் விழுந்தது கொக்குப் பூ.

கொக்குப் பூ ரத்தத்தைக் குடிக்குது! பத்து விரலுக்கும் போடு என்று கேட்டது யார்? நான். அக்காவை நான்தான் இப்படி ஆக்கிவிட்டேன். தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றேன். யாரிடமும் சொல்லப் பயம்.

இரண்டு நாளில் மருந்து வந்தது. புழுவுக்கு ஒரு குளிசை, ரத்தத்துக்குப் போத்தில் நிறையக் கறுத்த தண்ணி மருந்து. பல் கறுக்கும், பப்பாசித் தண்டால் உறிஞ்சிக் குடி என்று மிட்வைப் அம்மா சொன்னார். பெரியம்மா போத்திலை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார்.

"கலியாணம் முடியட்டும். மறுகாக் குடிக்கலாம். இப்ப வருத்தக்காரியெண்டு தெரிஞ்சா ஆர் எடுப்பாங்க? நிறமும் போய்ப் பல்லும் கறுத்தா என்ன செய்யிற?"

"முதல் பிள்ளைக்கு இந்த ரத்தம் காணாது" என்றார் மிட்வைப் அம்மா. "நான் இந்தக் கையால பிடிச்ச பிள்ளைகள் எத்தினை, விட்ட தாய்மார் எத்தினை. சொல்லிப் போட்டன்."

பெரியம்மா கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் பயம் பூட்டின பெட்டகம் பூட்டினபடியே இருந்தது. அக்கா தாயை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் கொக்கைக் கண்டால் இரண்டு கையையும் கக்கத்துக்குள் ஒளித்தேன். மண்கட்டி எடுத்து எறிந்தேன். "கொக்கில உனக்கென்னடி கோவம்?" என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல?

மாப்பிள்ளையின் தாய் நாள் குறிக்க வந்தார். தையில் கலியாணம் வைக்கலாம் என்று பேச்சு. முற்றத்தில் அவர் கை கழுவச் செம்பால் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு. வழக்கம் போல் நகத்தைப் பார்த்தேன். வலது பெருவிரல் நகம் பாதிக்கு மேல் தசையை விட்டுக் கழன்று, அடியில் பச்சை நிறமாக இருந்தது. அப்படிப் பச்சையை நான் கண்டதே இல்லை.

"மாமி, உங்கட நகத்துக்கு என்ன? பச்சையாக் கிடக்கு."

அவர் சிரித்தார். "வெத்திலைக் கொடிக்குத் தண்ணி ஊத்துற கை மனே. ஈரம் காயிறதில்ல."

"நோகுதா?"

"இல்ல."

"மிட்வைப் அம்மாட்டக் காட்டுங்க. அவ நகத்தைப் பாத்தே சொல்லுவா. அக்காட நகத்தில தண்ணி நிண்டதைப் பாத்துத்தானே ரத்தம் இல்லையெண்டு கண்டவ. போத்தில் மருந்தும் தந்தவ. பெரியம்மா பெட்டகத்துக்குள்ள பூட்டி வெச்சிருக்கா, கலியாணம் முடியத்தான் குடுப்பாவாம்."

வேண்டுமென்று சொன்னேனா, வாய் தவறிச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. போத்தில் திறபட வேண்டும் என்ற தவிப்பு மட்டும் இருந்தது.

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். பெரியம்மா வெற்றிலை வட்டாவோடு எழும்பினார்.

"பிள்ளையை வரச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

அக்கா வந்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து நடுவிரல் நகத்தில் ஒரு துளி விட்டார். நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது விழவே இல்லை.

"சின்னப் பிள்ளை, விசர்க் கதை கதைக்கிறாள்…" என்று பெரியம்மா தொடங்கினார்.

"என்ட மூத்தவளுக்கும் இந்தக் கைதான்" என்றார் அவர். "இப்பிடித்தான் வெளுத்திருந்தது. வெள்ளையெண்டு நாங்களும் சந்தோசப்பட்டம். முதல் பிள்ளையோட போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கல்ல."

பெரியம்மா வட்டாவைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு வந்தநேரம் வெள்ளையெண்டு சொன்ன வாயும் இதுதானே" என்று அவர் தன் வாயிலேயே தட்டிக்கொண்டார். "நாள் பாக்கிற வேலையை விடுங்க. இந்தத் தண்ணி எண்டைக்கு நகத்தில நிக்காம வழிஞ்சி விழுதோ, அண்டைக்கு நாள் பாப்பம். சீதனமா வீடு குடுக்கிறயள், சரி. கக்கூசும் ஒண்டு வெட்டுங்க. செருப்பு நான் வாங்கித் தாறன்."

தோணி போன பிறகு பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்பது அவருடைய எண்ணம். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அம்மா எனக்கு அகப்பைக் காம்பால் அடி தந்தார். பெரியம்மா அந்த மாரி முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் அன்று பின்னேரமே பெட்டகம் திறபட்டது.

பப்பாசித் தண்டு வெட்டிக் கொடுப்பது என் வேலை. அக்கா ஒரு உறிஞ்சு உறிஞ்சி முகத்தைச் சுளிப்பாள். "ஆணியை ஊறவெச்ச தண்ணி மாதிரி இரிக்கி புள்ள" என்பாள். பெரியப்பா வளவின் மூலையில் கிடங்கு வெட்டிக் கிடுகால் மறைப்புக் கட்டினார். வாவிக்கு அந்தப் பக்கமிருந்து நீல வாரோடு இறப்பர் செருப்பும் வந்தது. மாரி வெள்ளத்தில் ஒன்று மிதந்து போய், மிச்சம் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு அக்கா நொண்டி நொண்டி நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. அடுத்த தோணியில் இன்னொரு சோடி வந்தது.

மாப்பிள்ளையின் தாய் மாதம் ஒரு தடவை வந்தார். சொன்னால் சொன்னதுதான். வெற்றிலைக் கட்டை வைத்துவிட்டுச் செம்பு கேட்பார், துளி விடுவார், பார்ப்பார், "இன்னும் ஒள்ளுப்பம் பொறுப்பம்" என்று சொல்லிப் போய்விடுவார். நானோ தினமும் பார்த்தேன். அக்காவின் நகத்தில் அடியிலிருந்து புது நகம் இளஞ்சிவப்பாக ஏறியது. மேலே பழைய வெள்ளைக் குழி. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு நெல் அகலம் நகர ஒரு மாதம் போனது. நகம் இவ்வளவு மெதுவாகவா வளர்கிறது என்று எனக்கு ஆச்சரியமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள் அக்கா பழக்கத்தில் அரிசியை அள்ளி வாயில் போட்டாள். உடனே துப்பினாள். "சீ, என்ன இது, கல்லு மாதிரி" என்றாள். பெரியம்மா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நிறமும் மாறியது. அக்கா பழையபடி எங்களைப் போலக் கறுத்து வந்தாள். என்ன வடிவு என்கிறீர்கள்!

அக்காவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், மூன்று பெற்றவள். கலியாணத்தன்று மழை பெய்ததா என்று நீங்கள் கேட்கப் போவதும் தெரியும். கொட்டியது, அதுவும் நல்ல வெயில் மாதத்தில். பந்தல் ஒழுக ஒழுகப் பெரியம்மா, "நான் சொன்னனானே!" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு காலை. சித்திரை பிறந்து, வட்டையில் மறுபடி உழவு தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் வந்து செம்பு கேட்டார். அக்கா முற்றத்தில் நின்று கையை நீட்டினாள். துளி விழுந்தது. நகத்தில் ஒரு கணம் தயங்கியது போல் இருந்தது, பிறகு வழிந்து மணலில் விழுந்தது. அவர் இன்னொரு துளி விட்டார். அதுவும் விழுந்தது. பத்து விரலுக்கும் விட்டுப் பார்த்தார். பெரியம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாள் பாருங்க" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துக் கொக்குக் கூட்டம் ஒன்று வட்டைப் பக்கமிருந்து எழும்பி எங்கள் வளவுக்கு மேலால் வந்தது. அக்காவுக்கு என்ன சந்தோசமோ, சின்னப் பிள்ளை மாதிரி ஈரக் கை இரண்டையும் தூக்கி, "கொக்கே, எனக்கொரு பூப் போடு!" என்று கத்தினாள்.

நான் பாய்ந்துபோய் அவளுடைய கையில் தொங்கினேன். "வேணாம் அக்கா! கையை மடக்கு! கொக்குப் பூதானே உன்ட ரத்தத்தைக் குடிச்சது! நான்தான் கேட்டனான், பத்து விரலுக்கும் நான்தான் கேட்டனான்!" என்று கதறினேன். ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. நிறுத்த முடியவில்லை.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு அக்காவுக்கு விளங்கியது. முட்டுக்கால் போட்டு என் முகத்தைப் பிடித்தாள்.

"பூ இல்லடி. புழு. கொக்கிப் புழு."

அம்மா சிரித்தார். பெரியம்மா, பல மாதத்துக்குப் பிறகு, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அக்கா என் கையையும் சேர்த்துத் தூக்கி மறுபடி கத்தினாள். நானும் கத்தினேன். கூட்டத்தின் வால் இன்னும் எங்கள் தலைக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய் செம்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார். பச்சைப் பெருவிரலோடு அவருடைய பத்து விரலும் மேலே விரிந்திருந்தன. வாயால் மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.